எதிராளியின் பழைய ஆட்டத்தை நோட்டில் எழுதி ஆடுவது: போக்கர் டோர்னமென்ட் ஆடுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு எதிராளியைக் கவனிப்பது புதிதல்ல. கீழே விழுந்த இஸ்பேடு எட்டை இடதுபக்கத்துக்காரர் ஏன் எடுத்தார், இனி ஏழையும் ஒன்பதையும் நாம் இறக்கலாமா என்று யோசிக்காமல் பாண்டியிலோ கடலூரிலோ யாரும் ரம்மி ஆடுவதில்லை. அதே ஆள் போக்கர் மேசைக்கு வந்தால் மட்டும் தன் இரண்டு சீட்டோடு நின்றுவிடுகிறார். கை சரியில்லை என்றால் ஃபோல்டு செய்துவிட்டு, அதாவது சீட்டைக் கீழே வைத்து ஒதுங்கிவிட்டு, போனை எடுக்கிறார். அடுத்த மூன்று நிமிடம் எதிரே நடந்ததில் ஒன்றும் அவருக்குத் தெரியாது.

டெக்சாஸ் ஹோல்டம் விதிகள் தெரிந்த, டோர்னமென்ட் வடிவில் ஆடுகிற, திரும்பத் திரும்ப அதே ஆட்களோடு உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைசிச் சொற்றொடர்தான் முக்கியம். முன்பின் தெரியாத நூறு பேர் ஆடும் போட்டியில் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்காருவீர்கள், பிறகு மேசை மாறிவிடும். எங்களைப்போல பாண்டி முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் சனிக்கிழமைதோறும் கூடுகிறவர்களுக்கு எதிரே இருப்பது போன வாரம் பார்த்த அதே முகங்கள். எழுதி வைத்தது வீணாகாது.

காசு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். எங்கள் ஆட்டத்தில் காசு கிடையாது. சிப்ஸ் (பந்தய வில்லைகள்) எல்லாருக்கும் சமம், யார் எத்தனையாவதாக வெளியேறினார் என்பதற்குப் புள்ளி, வருடக் கடைசியில் பட்டியல். இணையத்தில் காசு கட்டி ஆடும் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மொத்தமாகத் தடை செய்துவிட்டது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. பாண்டி எல்லையான முள்ளோடையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் மாநிலச் சட்டமும் மாறும். புள்ளிக்கு ஆடினாலும் இந்த வழிகாட்டியில் ஒரு வரிகூட மாறப்போவதில்லை.

முதல் படி: நோட்டு

சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு போதும். ஆளுக்கு ஒரு தாள். மேசையில் உட்கார்ந்தபடி எழுதாதீர்கள். பார்க்கிறவர்கள் உஷாராகிவிடுவார்கள், தவிர அது பார்க்கவும் நன்றாக இருக்காது. பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே கட்டாயமாகப் போட வேண்டிய சிப்ஸ்) ஏறும்போது விடும் இடைவேளையில், டீ குடிக்கும் நேரத்தில் எழுதலாம். அதுவரை மனதில் இரண்டு கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், பத்தைப் பிடிக்கப் பார்த்தால் எல்லாம் குழம்பிவிடும்.

தாளின் இடது பாதியில் எண்ணிக்கை, வலது பாதியில் காட்டிய கைகள். எண்ணிக்கைக்கு நான் நான்கே விஷயம் வைத்திருக்கிறேன்:

- எல்லாரும் ஃபோல்டு செய்து தன்னிடம் வந்தபோது, பட்டனிலோ (டீலர் இடம்) அதற்கு முந்தின இடத்திலோ இருந்து ரைஸ் செய்தாரா (பந்தயத்தை உயர்த்தினாரா)
- பெரிய பிளைண்டில் (இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியதைப் போடும் இடம்) இருக்கும்போது ஒரு ரைஸ் வந்தால் விட்டுக்கொடுத்தாரா
- ஃப்ளாப்பில் (மேசையில் முதல் மூன்று பொதுச்சீட்டு விழுந்ததும்) ஒரு பந்தயம் வந்தால் ஃபோல்டு செய்தாரா
- ரிவரில் (கடைசி, ஐந்தாவது பொதுச்சீட்டு) பந்தயம் வந்தால் கால் செய்தாரா (அதே அளவு சிப்ஸ் போட்டு நின்றாரா)

ஒவ்வொன்றையும் பின்னமாக எழுத வேண்டும். செய்தது மேலே, வாய்ப்பு வந்தது கீழே. 3/4, 2/9 என்று. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால், கீழே இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் மேல் எண்ணை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். ஒரு அண்ணன் எப்போதோ ஒன்றுமில்லாத கையோடு ஆல்-இன் போய் (எல்லா சிப்ஸையும் கட்டி) எல்லாரையும் விரட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே சீட்டைத் திருப்பிக் காட்டியிருப்பார். அதற்குப் பிறகு அந்த மாடியில் அவருக்கு ஒரே பெயர்தான்: "அவரு சும்மா அடிப்பாருப்பா." அவர் நல்ல கையோடு அதே மாதிரி அடித்த முப்பது தடவையை யாரும் சொல்வதில்லை. மேசையில் உலவும் இந்தப் பேரை நம்பித் தப்பான கால் செய்து வெளியேறுகிறவர்கள் வாரம் ஒருவராவது இருக்கிறார்கள். அந்த அண்ணனும் இது தெரியாதவர் இல்லை, வேண்டுமென்றேதான் காட்டினார்.

எத்தனை பார்த்தால் நம்பலாம்

நேரில் ஆடும் ஒன்பது பேர் மேசையில் மணிக்கு 25, 30 கை ஓடும். ஒரு மணி நேரத்தில் ஒருவர் 30 கையில் 9 கைக்கு உள்ளே வந்தார் (சிப்ஸ் போட்டு ஆட்டத்தில் சேர்ந்தார்) என்று வையுங்கள். 30 சதவீதம். ஆனால் இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் தற்செயலின் ஆட்டமே இரண்டு பக்கமும் சுமார் 16 சதவீதப் புள்ளி வரை இழுக்கும். அவர் உண்மையில் 15 சதவீதக் கஞ்சனாகவும் இருக்கலாம், 45 சதவீத ஊதாரியாகவும் இருக்கலாம். 100 கைக்குப் போனால் அந்த இழுப்பு 9 புள்ளியாகச் சுருங்கும். நாலு மடங்கு பார்த்தால்தான் தெளிவு இரண்டு மடங்காகும்.

உள்ளே வருவது, வராதது என்பது ஒவ்வொரு கையிலும் நடப்பதால் அது சீக்கிரம் தேறும். ரிவரில் பந்தயத்தைச் சந்திப்பதோ ஒரு சாயங்காலத்தில் இரண்டு மூன்று தடவைதான். அந்தப் பின்னத்தில் கீழ் எண் 10-ஐத் தொடவே மாதங்கள் ஆகும்.

அதுவரை என்ன செய்வது? எல்லாருக்கும் பொதுவான ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு அதற்கு ஐந்து கற்பனை வாய்ப்புகளின் எடை கொடுங்கள். உங்கள் மேசையில் பொதுவாக 40 சதவீதம் நடக்கும் காரியம் என்றால் 2/5. ஒருவரிடம் நீங்கள் பார்த்தது 4/5 என்றால் இரண்டையும் மேலும் கீழும் கூட்டுங்கள்: 6/10. அதாவது 80 சதவீதம் என்று தோன்றியதை 60 என்று எடுத்துக்கொள்கிறீர்கள். பார்த்தது கூடக்கூடக் கற்பனை ஐந்தின் பலம் தானாகக் குறையும். தாமஸ் பேயஸ் என்ற பாதிரியாரின் கட்டுரை அவர் இறந்தபின் 1763-இல் வெளியானது, அந்தச் சிந்தனையின் கைக்கணக்கு வடிவம்தான் இது. எடை ஏன் ஐந்து என்று கேட்பீர்கள். சின்ன மேசைக்கு அது எனக்குச் சரியாக வருகிறது, அவ்வளவுதான். உங்கள் மேசையில் எல்லாரும் ஒரே மாதிரி ஆடுகிறார்கள் என்றால் எட்டு வையுங்கள். ஆளுக்கு ஆள் வடக்கும் தெற்குமாக இருந்தால் மூன்று போதும்.

இரண்டாம் படி: காட்டிய கையைப் பின்னோக்கிப் படிப்பது

வலது பாதிக்கு வருவோம். யாராவது ஷோடவுனில் (கடைசியில் கைகளை ஒப்பிடும்போது) சீட்டைத் திருப்பியதும் எல்லார் கண்ணும் யார் ஜெயித்தது என்பதில் இருக்கும். நீங்கள் அந்த இரண்டு சீட்டோடு ஆட்டத்தைப் பின்னால் ஓட்டிப் பாருங்கள். ரிவரில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்தார், டர்னில் (நான்காவது பொதுச்சீட்டு) என்ன, ஃப்ளாப்பில் என்ன, முதலில் எந்த இடத்திலிருந்து எப்படி உள்ளே வந்தார்.

என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும் (முன் இடம் என்றால் முதலில் முடிவெடுக்கும் இடம், 35 பிளைண்ட் என்றால் பெரிய பிளைண்டைப் போல 35 மடங்கு சிப்ஸ், செக் என்றால் பந்தயம் கட்டாமல் விடுவது): "முன் இடம், 35 பிளைண்ட், கால் மட்டும். ஃப்ளாப் ராணி-8-3 செக், கால். டர்ன் 5 செக், கால். ரிவர் 2 செக், கால். காட்டியது ஏஸ்-ராணி." ஒரே ஒரு கைதான். ஆனால் இதில் மூன்று செய்தி இருக்கிறது. ஏஸ்-ராணியை அவர் முன் இடத்திலிருந்து ரைஸ் செய்யவில்லை, ஆகவே வெறும் காலில் வரும்போதும் அவரிடம் நல்ல கை இருக்கலாம். மேசையின் பெரிய ஜோடியை ஏஸ் துணையோடு வைத்துக்கொண்டும் கடைசி வரை செக், கால்தான் செய்தார். அப்படியானால் இரண்டு சுற்றில் செக், கால் செய்தவரை மூன்றாவதில் ப்ளஃப் அடித்து (இல்லாத கையை இருப்பதுபோலக் காட்டி) விரட்டுவது கடினம். மூன்றாவது செய்திதான் விலை உயர்ந்தது: ஏஸ்-ராணிக்கே ரைஸ் வராதவர் ஒருநாள் டர்னில் ரைஸ் செய்தால் அது இரண்டு ஜோடிக்கும் மேலே. உங்கள் ஒற்றை ஜோடியைத் தயங்காமல் கீழே வையுங்கள்.

எத்தனை பிளைண்ட் இருந்தது என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அது இல்லாத குறிப்புக்கு டோர்னமென்டில் மதிப்பு கிடையாது. 8 பிளைண்ட் மட்டும் மிச்சமிருப்பவர் பட்டனிலிருந்து ராஜா-7 வைத்து ஆல்-இன் போவது சாதாரண, சரியான ஆட்டம். அதைப் பார்த்துவிட்டு "ராஜா-7க்கெல்லாம் போறாரு" என்று எழுதினால், அடுத்த வாரம் அதே ஆள் 60 பிளைண்டோடு ரைஸ் செய்யும்போது தப்பாகப் படிப்பீர்கள். நான் மூன்றாகப் பிரிக்கிறேன்: 40க்கு மேல், 15 முதல் 40, 15க்குக் கீழ். ஒரு பிரிவில் பார்த்ததை இன்னொரு பிரிவுக்குக் கடன் கொடுப்பதில்லை.

போட்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் அப்படித்தான். எங்களிடம் முதல் நான்கு இடத்துக்குப் புள்ளி. ஐந்து பேர் மிச்சமிருக்கும்போது மாடியில் திடீரென்று எல்லாரும் பூனையாகிவிடுவார்கள். கடலூரிலிருந்து பைக்கில் வரும் வங்கி ஊழியர் ஒருவர் ஆரம்பத்தில் எந்தக் கையையும் விடமாட்டார், ஐந்து பேரானதும் ஏஸ்-ஜாக்கியைக்கூட ஃபோல்டு செய்வார். பாரிஸிலிருந்து லீவுக்கு வரும் என் பெரியப்பா மகன் நேர்மாறு: அந்த நேரத்தில்தான் ஒவ்வொரு கைக்கும் ரைஸ். வங்கிக்காரருக்கு ஒரே தாளில் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன், இரண்டும் ஒரே ஆள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

நோட்டு சொல்லும் பொய்

ஷோடவுனில் பார்த்ததை மட்டும் எழுதினால் ஒரு ஓரவஞ்சனை உள்ளே வந்துவிடும். ப்ளஃப் பலித்தால் எதிராளி ஃபோல்டு செய்வார், சீட்டு திரும்பாது. ப்ளஃப் பிடிபட்டால் மட்டும் பார்க்கிறோம். ஆகவே திறமையாக அடிப்பவரின் ப்ளஃப்கள் உங்கள் நோட்டில் குறைவாகவே இருக்கும், யாரை எல்லாரும் கால் செய்கிறார்களோ அவருடையவை அதிகமாக இருக்கும். தோற்றவர் பெரும்பாலும் சீட்டைக் காட்டாமல் தள்ளிவிடுவார் என்பதால் நழுவிய கால்களும் கணக்கில் வராது.

இதற்கு இரண்டு மாற்று வைத்திருக்கிறேன். ஒன்று, சீட்டு காட்டப்படாத ரிவர் பந்தயங்களையும் ஒரு கோடாகக் குறிப்பது. ஒருவர் ரிவரில் பெரிதாக அடித்தது 20 தடவை, காட்டியது 4 தடவை, நாலும் நல்ல கை என்றால், அந்த 16ஐப் பற்றி வாய் திறக்காதீர்கள். நாலில் நாலு என்பதை வைத்து "இவர் ப்ளஃப்பே அடிக்கமாட்டார்" என்பது அவசரம்.

இரண்டாவது, ஆல்-இன் கைகளுக்குத் தனி மரியாதை. டோர்னமென்ட் விதிப்படி ஒருவர் ஆல்-இன் ஆகி, இனி பந்தயம் கட்ட யாரும் இல்லை என்றானதும், கையில் இருக்கும் எல்லாரும் சீட்டைத் திருப்பி வைக்க வேண்டும். அங்கே தள்ளிவிட்டுத் தப்ப முடியாது. போனவரின் கையும் தெரியும், கால் செய்தவரின் கையும் தெரியும். இவ்வளவு சுத்தமான தகவல் காசுமேசை ஆட்டத்தில் சுலபமாகக் கிடைக்காது. அந்த நேரத்தில் டீ வாங்க எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மூன்றாம் படி: ஒரு கையில் போட்டுப் பார்ப்பது

இதை நிதானமாகப் படியுங்கள், பேனா எடுத்தால் இன்னும் நல்லது.

உங்களிடம் டைமன் ஏஸ், டைமன் ராஜா. நீங்கள் ரைஸ் செய்ய, பெரிய பிளைண்டில் இருப்பவர் கால். ஃப்ளாப் இஸ்பேடு ராஜா, இஸ்பேடு 9, டைமன் 4. நீங்கள் பந்தயம், அவர் கால். டர்ன் கிளாவர் 2, மறுபடி பந்தயம், கால். ரிவர் ஆட்டின் 7. இப்போது அவர் முந்திக்கொண்டு, நடுவில் இருக்கும் சிப்ஸ் மொத்தத்துக்கும் சமமாகப் பந்தயம் கட்டுகிறார்.

மொத்தத்துக்குச் சமமான பந்தயத்தைக் கால் செய்ய, மூன்றில் ஒரு தடவை நீங்கள் ஜெயித்தால் போதும். பாதி அளவு பந்தயம் என்றால் நாலில் ஒரு தடவை.

உங்களை ஜெயிக்கும் கைகளில், எளிமைக்காக, மூன்று வகையை மட்டும் எண்ணுவோம். ஜோடி 9: மீதி மூன்று ஒன்பதில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 3 வழி. ஜோடி 4: 3 வழி. ராஜா-9: மேசையில் ஒரு ராஜா, உங்களிடம் ஒன்று, மீதி 2, ஒன்பது மீதி 3, ஆக 6 வழி. மொத்தம் 12. ராஜா-ராணி மாதிரி கையை இவர் இப்படி முந்திக் கட்டமாட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

நீங்கள் ஜெயிக்கும் கைகள், ஐந்தாவது இஸ்பேடு வரக் காத்திருந்து ஏமாந்தவை. ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-5, ஏஸ்-3, ராணி-ஜாக்கி, ராணி-10, ஜாக்கி-10, 6-5, எல்லாம் இஸ்பேடில். எளிமைக்காக 8 வழி.

எட்டையும் வைத்து அவர் ப்ளஃப் அடிப்பார் என்றால் 20 கையில் 8 உங்கள் பக்கம், 40 சதவீதம், கால் செய்யலாம். ஆனால் அவர் எட்டையும் அடிப்பாரா? 12 கைக்கு எதிரே மூன்றில் ஒன்று வர 6 ப்ளஃப் வேண்டும். ஏமாந்த கைகளில் முக்கால் பங்கை அவர் அடிக்க வேண்டும். நோட்டைத் திறக்கிறீர்கள்: காத்திருந்து ஏமாந்ததாகத் தெரிந்த 5 தடவையில் 4 தடவை அடித்திருக்கிறார். பச்சையாகப் பார்த்தால் 80 சதவீதம், கால் செய்யத் தோன்றும். கற்பனை ஐந்தைச் சேர்த்தால் 6/10. எட்டில் 60 சதவீதம் 4.8. பதினாறே முக்காலில் 4.8 என்பது சுமார் 29 சதவீதம். ஃபோல்டு.

இதே ஆள் பாதி அளவுக்குப் பந்தயம் கட்டியிருந்தால் 25 சதவீதம் போதும், அதே 29ஐ வைத்து கால். நோட்டில் 1/5 என்று இருந்தால் 3/10, அதாவது 2.4 கை, 17 சதவீதத்துக்குள். இரண்டு அளவுக்கும் ஃபோல்டு.

மேசையில் இந்தக் கணக்கைப் போட முடியாது என்பீர்கள். முடியாதுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து நாலைந்து கைக்குப் போட்டுப் பாருங்கள். "மொத்த அளவு பந்தயத்துக்கு இவர் முக்கால்வாசி அடிக்க வேண்டும், பாதி அளவுக்குப் பாதி போதும்" என்ற மாதிரி வரம்புகள் மனதில் நின்றுவிடும். மேசையில் தேவைப்படுவது அவ்வளவுதான்.

எதை மாற்றுவது, எவ்வளவு

தெரிந்துகொண்டதை எல்லாக் கையிலும் காட்டத் தேவையில்லை. எனக்குப் பலன் தந்தவை மூன்றே மாற்றங்கள். பெரிய பிளைண்டில் 7/9 என்று விட்டுக்கொடுப்பவருக்கு முன்னால் நீங்கள் பட்டனில் இருந்தால் எதை வைத்தும் ரைஸ் செய்யலாம், பிளைண்ட் ஏற ஏற இது ஒன்றே உங்களை மேசையில் நிறுத்தும். ரிவரில் எதற்கும் கால் செய்பவரிடம் ப்ளஃப்பை முழுக்க நிறுத்திவிட்டு, நடுத்தரக் கைக்கும் பந்தயம் கட்டுங்கள். எப்போதும் செக், கால் என்று இருப்பவர் ரைஸ் செய்தால் ஒதுங்குங்கள். கடைசிதான் செய்வதற்குக் கஷ்டம், மானப் பிரச்சினையாகிவிடும்.

முகக்குறி, கை நடுக்கம் இதெல்லாம் சினிமாவுக்கு நல்லது. நடுங்கும் கை பெரும்பாலும் நல்ல சீட்டின் பரபரப்பு என்று ஆடுகிறவர்கள் சொல்வார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மே மாதப் பாண்டிப் புழுக்கத்தில் எல்லாருக்கும் வியர்க்கிறது. பந்தய அளவை எழுதுங்கள், வியர்வையை விடுங்கள்.

உங்களுக்கும் ஒரு தாள்

2017-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாள், 1,20,000 கை ஆடி ஜெயித்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டுவோமஸ் சாண்ட்ஹோல்மும் நோம் பிரவுனும் செய்தது. அது எதிராளியின் பலவீனத்தைத் தேடிப் போகவில்லை. பகலில் அந்த நால்வரும் தன் ஆட்டத்தில் எந்த இடத்தைக் குடைகிறார்கள் என்று பார்த்து, இரவோடு இரவாக அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டது.

நம்மிடம் சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை, ஆனால் நோட்டின் கடைசித் தாள் இருக்கிறது. அதில் நீங்கள் காட்டிய கைகளை எழுதுங்கள், எதிரே இருப்பவர் எழுதுவது போல. மூன்று வாரத்தில் படித்துப் பார்த்தால் உங்களை எப்படி அடிப்பது என்று உங்களுக்கே புரியும். பெரிய பிளைண்டில் நான் எத்தனை விட்டுக்கொடுக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தபின்தான் வங்கி அண்ணன் ஏன் என் பிளைண்டையே குறிவைக்கிறார் என்பது விளங்கியது. அவரிடம் நோட்டெல்லாம் கிடையாது, எல்லாம் தலைக்குள் இருக்கிறது.

மேசை மரியாதை

ஒரு கை நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது, நீங்கள் ஃபோல்டு செய்துவிட்டாலும்கூட. தள்ளிவிட்ட சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பது தகவலுக்காக என்றாலும் அநாகரிகம். பக்கத்தில் இருப்பவர் சீட்டைத் தூக்கிப் பிடித்தால், "மாமா, சீட்டு தெரியுது" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் நோட்டை இன்னொருவரோடு பகிர்ந்து இருவரும் சேர்ந்து மூன்றாமவரை மடக்குவது கூட்டுச்சதி, எந்த டோர்னமென்டிலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பழைய தாளை என்ன செய்வது

ஆட்கள் மாறுகிறார்கள். ஆறு மாதம் வராமல் இருந்தவர் திரும்பி வந்தால் அவருடைய பின்னங்களில் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். 6/10 என்பது 3/5 ஆகும். சதவீதம் அப்படியே இருக்கும், அதன் எடை குறைந்துவிடும். புதிதாகப் பார்ப்பது சீக்கிரம் மேலே ஏறும். வலது பாதியில் இருக்கும் காட்டிய கைகளில் கை வைக்காதீர்கள், ஓரத்தில் தேதி மட்டும் இருக்கட்டும். புதிதாக அவர் காட்டும் முதல் இரண்டு மூன்று கைகள் பழைய வரிகளோடு ஒத்துப்போகவில்லை என்றால், பின்னங்களை அடித்துவிட்டு அவருக்குப் புதுத் தாள் எடுங்கள்.